பஞ்சிகாவத்தைப் பக்கம் காபரேட்டர் நானாட்ட செய்வித்த வேலை – மொறிஸ் மைனர் எஸ்யூ

கொழும்பில பழைய கார் வச்சிருக்கிற ஆக்கள் கனபேர் காபரேட்டருக்கு (பெற்றோலையும் காத்தையும் கலந்து எஞ்ஜினுக்குக் குடுக்கிற சாமான்) ஆர்ட்ட போறது எண்டு கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போயிருப்பீங்கள், நானும் ரெண்டு வருசம் அப்பிடித்தான் அலைஞ்சனான், அதால இந்த அனுபவத்தைக் கொஞ்சம் நீட்டியே எழுதுறன். கடைக்குப் போர்ட் ஒண்டும் இல்லை. பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பாட்ஸ் கடையளுக்குப் பின்னால போற ஒரு ஒழுங்கைக்குள்ள சின்ன இடம், ஒரு மேசை, ஒரு வைஸ், சுவர் முழுக்க பழைய காபரேட்டர். அங்க வேலை செய்யிறவர் ஒரு நானா (முஸ்லிம் அண்ணாமாரை இங்க அப்பிடித்தான் கூப்பிடுறது), பேரையும் நம்பரையும் நெட்ல போட வேண்டாம் எண்டு அவரே கேட்டவர், ஏற்கனவே மேசையில கிடக்கிற வேலையை முடிக்கவே நேரம் காணாதாம். அந்தப் பக்கம் போய் காபரேட்டர் நானா எண்டு கேட்டால் ஆரும் காட்டுவினம்.

கார் அப்பாட. மொறிஸ் மைனர் 1000, 1098 சிசி எஞ்ஜின், எஸ்யூ எண்டுற கொம்பனிக் காபரேட்டர், பழைய ஸ்ரீ நம்பர் பிளேட். அப்பா வெள்ளவத்தைக்கு வந்த காலத்தில இருந்து எங்கட வீட்டில நிக்குது, நான் கார் ஓடப் பழகினதும் இதிலதான். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டு நேரம் கியூவில நிக்க ஏலாமல் அப்பிடியே கராஜ்ல விட்டம், கியூஆரில பெற்றோல் பங்கீடு கிடைச்ச பிறகும் கிடைக்கிற பெற்றோலை மற்ற வாகனத்துக்குத்தான் அடிச்சம், இப்பிடியே மாசக்கணக்கா நிண்டிட்டுது. டாங்க்ல கிடந்தது, காபரேட்டர் கிண்ணத்துக்குள்ள கிடந்தது எல்லாம் காஞ்சு அரக்கு மாதிரி ஒட்டிப் போச்சு. அதோட வெள்ளவத்தைக் கடல் காத்து, அலுமினியம் எண்டா சொல்லவே தேவையில்லை, வெள்ளை வெள்ளையாப் பூத்திடும்.

அதுக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகும், ஆனா ஐட்லிங் (அக்ஸிலேட்டர் மிதிக்காமல் எஞ்ஜின் ஓடுறது) நிக்காது, ஏறும் இறங்கும் ஏறும் இறங்கும், பம்பலப்பிட்டி சிக்னல்ல நிண்டால் அணைஞ்சு போகும், பிளக் நாலும் கரி மாதிரிக் கறுப்பு, கராஜ் கதவைத் திறந்தால் பெற்றோல் மணம். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடினால் பெரிய காரியம்.

நானாட்டப் போக முதல் ரெண்டு இடத்தில காட்டினனான். பேர் சொல்ல மாட்டன். ஒரு இடத்தில காபரேட்டரைக் கழட்டாமலே மேல இருந்து கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு ஐட்லிங் ஸ்க்ரூவைக் கூட்டி விட்டுக் காசு வாங்கினவை. மற்ற இடத்தில முழுசாக் கழட்டினவை, ஆனா காபரேட்டருக்குள்ள மேல கீழ போய் வாற பிஸ்டனை எமரிப் பேப்பர் போட்டுப் பளபளப்பாக்கித் தந்தவை. எனக்கு அந்த நேரம் அது நல்ல வேலையாத்தான் தெரிஞ்சது, கண்ணாடி மாதிரி மினுங்கினது. அது எவ்வளவு பெரிய பிழை எண்டு நானா சொல்லித்தான் தெரியும், அதைப் பிறகு சொல்லுறன்.

நானாட்ட போன அண்டைக்குக் காபரேட்டரை மட்டும் ஒரு ஐஸ்கிரீம் டப்பாக்குள்ள வச்சுக் கொண்டு போனனான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையில எடுத்து ஒரு சுத்துச் சுத்திப் பார்த்திட்டு முதல் சொன்னது, “கழுவாமக் கொண்டு வந்தீங்களே தம்பி, அதான் நல்லம். கழுவினா எங்கால லீக் ஆகுதுண்டு தெரியாமப் போகும்.” பிறகு என்ன கார் எண்டு கேட்டார். மொறிஸ் மைனர் நானா எண்டன். “கார் மொறிஸ் மைனர், சரி. இது என்னா எண்டு பாப்போம்.”

இந்த ஒரு கதைக்காகத்தான் நான் இவ்வளவையும் எழுதுறதே. மற்ற ரெண்டு இடத்திலயும் காரைப் பார்த்தவை, காபரேட்டர் அந்தக் காருக்குரியதுதானோ எண்டு ஒருத்தரும் பார்க்கேல்லை. எங்கட நாட்டில இந்தக் கார்கள் அறுபது வருசமா ஓடுது, எத்தினை கை மாறியிருக்கும், எத்தினை பாஸ் (மெக்கானிக்) கை வச்சிருப்பார், சாமான் இல்லாத காலத்தில கிடைச்சதைப் பூட்டி ஓடியிருப்பினம். வெளிக்கூடு ஒரு கார்ல இருந்து, மேல மூடி இன்னொரு கார்ல இருந்து, உள்ள நீடில் வேற எங்கயோ இருந்து. அதால மைனர் எண்ட உடன மைனருக்குரிய கிட் (திருத்திற சாமான் கட்டு) வாங்கிப் பூட்டினால் சரிவராது, கையில இருக்கிறது என்ன எண்டு முதல்ல கண்டுபிடிக்க வேணும்.

அவர் கண்டுபிடிச்ச விதத்தை நான் பக்கத்தில முக்காலியில இருந்து பிளேன்டீ குடிச்சுக்கொண்டு முழுக்கப் பார்த்தனான்.

எஸ்யூ எண்டது சுலபம், மேல தொப்பி மாதிரி உயர்ந்த மூடி இருக்கும், அதுக்கு மேல ஒரு சின்ன மூடி, கழட்டினால் ஒயில் விடுற கம்பி வரும். ஆனா இதே மாதிரித் தோற்றத்தில ஸ்ட்ரொம்பேர்க் சிடி எண்டும் ஒண்டு இருக்கு, சில ஹில்மன் ஹண்டர்ல வந்தது, அதில மேல மூடி நாலு ஸ்க்ரூவில பிடிச்சிருக்கும், மூடிக்கும் உடம்புக்கும் நடுவில ஒரு ரப்பர் டயஃப்ரம் இருக்கும். எஸ்யூவில ரப்பர் கிடையாது, பிஸ்டன் மூடிக்குள்ள தொட்டும் தொடாமலும் போய் வரும். ரெண்டையும் மாறி விளங்கிக்கொண்டு எஸ்யூ கிட் வாங்கி ஏமாந்தவை இருக்கினமாம், நானா ஸ்ட்ரொம்பேர்க் ஒண்டை எடுத்து எனக்கு ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சுக் காட்டினார்.

அடுத்தது எந்த எஸ்யூ. கீழ பக்கத்தைத் திருப்பினார். புளோட் கிண்ணத்தில (பெற்றோல் நிக்கிற கிண்ணம்) இருந்து ஒரு மெல்லிய நைலோன் குழாய் ஜெட்டுக்கு (பெற்றோல் வெளிய வாற சின்ன ஓட்டை) அடியில போய்ச் சேருது. அது இருந்தால் எச்எஸ் வகை. அதுக்கு முதல் வந்த எச் வகையில குழாய் இல்லை, கிண்ணம் நேர உடம்போட போல்ட்ல பூட்டியிருக்கும், பெற்றோல் உள்ளாலயே போகும், அதில ஜெட்டைச் சுத்தி இருக்கிற கோர்க் சீல் காஞ்சால் ஒழுகும். பிறகு எச்ஐஎஃப் எண்டு வந்ததில கிண்ணம் தனிய இல்லை, உடம்புக்கு அடியிலயே சேர்ந்திருக்கும்.

பிறகு வேர்னியரை எடுத்து எஞ்ஜின் பக்கத்து ஓட்டையை அளந்தார். 31.75 மில்லிமீற்றர். அதாவது ஒன்றேகால் அங்குலம். எஸ்யூவில நம்பருக்கு ஒரு கணக்கு இருக்கு தெரியுமோ, எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது: நம்பரை எட்டில ஒரு பங்கு அங்குலமா எடுத்து ஒண்டோட கூட்ட வேணும். 2 எண்டா எட்டில ரெண்டு, அதாவது கால், ஒண்டோட கூட்ட ஒன்றேகால். 4 எண்டா ஒன்றரை, 6 எண்டா ஒன்றேமுக்கால், 8 எண்டா 2 அங்குலம். அப்ப இது எச்எஸ் 2. மைனர் 1098க்கு வாறதும் எச்எஸ் 2தான், இதுவரைக்கும் சரி.

ஆனா எச்எஸ் 2 மைனருக்கு மட்டும் வந்ததில்லை, மினிக்கும் வந்தது, இன்னும் எத்தினையோ காருக்கும் வந்தது, எல்லாத்துக்கும் உள்ள இருக்கிற நீடிலும் ஸ்ப்ரிங்கும் வேற வேற. அதைச் சரியாச் சொல்லுறதுக்குத்தான் கொம்பனி ஒரு சின்ன அலுமினியத் தகடு வச்சிருக்கு, புளோட் கிண்ணத்து மூடி ஸ்க்ரூவுக்கு அடியில பிடிச்சிருக்கும், அதில ஏயூசி எண்டோ ஏயூடி எண்டோ தொடங்கிற நம்பர் அடிச்சிருக்கும். அந்த நம்பர் தெரிஞ்சால் எந்தக் கார், எந்த வருசம், எந்த நீடில், எந்த ஸ்ப்ரிங் எண்டு எல்லாத்தையும் பட்டியல்ல பார்த்து எடுக்கலாம். எங்கடதில தகடு இல்லை. ஆரோ எப்பவோ மூடியைக் கழட்டினவை திருப்பிப் பூட்டேக்க இது என்னத்துக்கு எண்டு எறிஞ்சிருப்பினம். தயவு செய்து, உங்கட கார்ல இன்னும் அந்தத் தகடு இருந்தால் இண்டைக்கே ஒரு ஃபோட்டோ எடுத்து வையுங்கோ.

தகடு இல்லாதபடியால் உள்ள பார்க்கிறதைத் தவிர வழியில்லை. மூடியைக் கழட்டி பிஸ்டனை மெதுவா மேல தூக்கி எடுத்தார், அதுக்கு அடியில ஊசி மாதிரி நீண்டுகொண்டு இருக்கிறதுதான் நீடில். பக்கத்து ஸ்க்ரூவை இளக்கி நீடிலை வெளிய எடுத்து, பெற்றோல்ல தோய்ச்ச துணியால துடைச்சு, மணிக்கூடு திருத்திற ஆக்கள் கண்ணில வைக்கிற அந்தக் கண்ணாடியை வச்சுப் பார்த்தார். “எம்” எண்டார். என்னட்டத் தந்து பார்க்கச் சொன்னார். தண்டில மயிர் அளவுக்கு ஒரு எழுத்து, வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பிடிச்சால்தான் தெரியுது. எம் நீடில் 948 சிசி மைனருக்குரியது, அந்த எஞ்ஜின் 1956ல வந்தது. எங்கட 1098க்கு, அது 1962ல வந்த எஞ்ஜின், ஏஎன் நீடில்தான் போட வேணும். அப்ப எங்கட வீட்டுக் கார் எவ்வளவு காலமா இன்னொரு எஞ்ஜின்ட நீடில்ல ஓடியிருக்கு எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அப்பாட்ட வந்து சொன்னன், அவருக்கு நெடுநேரம் கதை வரேல்லை.

நீடில் ஏன் இவ்வளவு முக்கியம் எண்டால், எஸ்யூவில ஒரே ஒரு ஜெட்தான் இருக்கு. சோலெக்ஸ், செனித் எண்டுற மற்றக் காபரேட்டர் மாதிரி ஐட்லிங்குக்கு ஒண்டு, ஓடுறதுக்கு ஒண்டு எண்டு இல்லை. எஞ்ஜின் காத்து இழுக்க இழுக்க பிஸ்டன் மேல எழும்பும், பிஸ்டனோட சேர்ந்து நீடிலும் எழும்பும், நீடில் நுனிப் பக்கம் போகப் போக மெலியும், அதால எழும்ப எழும்ப ஜெட்டில இடைவெளி கூடிப் பெற்றோல் கூட வரும். ஆகவே எஞ்ஜினுக்கு எந்த வேகத்தில எவ்வளவு பெற்றோல் எண்ட முழுக் கணக்கும் அந்த ஒரு ஊசி மெலியிற விதத்திலதான் இருக்கு. எழுத்து மாறினால் கணக்கே மாறிடும்.

இதைவிட மோசம், எங்கட நீடில் ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சு மினுங்கினது. அதாவது ஜெட் நடுவுக்கு இல்லை, நீடில் ஒவ்வொரு தரம் ஏறி இறங்கேக்கையும் ஜெட்டின்ட ஒரு பக்கத்தில உரசியிருக்கு, ஜெட் ஓட்டையும் நீள்வட்டமாப் போச்சு. அதோட ஆரோ நீடிலைப் பிஸ்டன் முகத்தோட சமனா வைக்காமல் கீழ இறக்கிப் பூட்டியிருக்கினம், அதால பெற்றோல் குறைஞ்சிருக்கும், அதுக்குச் சரிக்கட்ட ஜெட் நட்டை இறக்கியிருக்கினம். ஒரு பிழையை மூட இன்னொரு பிழை, அதை மூட ஐட்லிங் ஸ்க்ரூ.

இனி அந்தப் பிஸ்டன் கதை. எஸ்யூவில பிஸ்டனும் மேல மூடியும் சோடி, கொம்பனியில ஒண்டுக்கொண்டு பொருத்தி அனுப்பினது, மாத்திப் போடக் கூடாது, பேப்பர் போட்டுத் தேய்க்கவே கூடாது, துணியில கொஞ்சம் தின்னர் நனைச்சுத் துடைக்கிறதோட நிப்பாட்ட வேணும். நானா ஒரு சோதனை செய்து காட்டினார். ஸ்ப்ரிங்கை எடுத்திட்டு, பிஸ்டன் அடியில இருக்கிற ஓட்டையளைக் களிமண் மாதிரி ஒண்டால அடைச்சு, மூடிக்குள்ள வச்சு, தலைகீழாப் பிடிச்சு, ஒண்டை ஒண்டு விட்டு இறங்க விட்டு ஃபோன்ல நேரம் பார்த்தார். ஒன்றேகால் அங்குலச் சைசுக்கு 3 இலிருந்து 5 செக்கன் எடுக்க வேணும், பெரிய சைசுக்கு 5 இலிருந்து 7. எங்கடது ஒரு செக்கன்ல சடார் எண்டு விழுந்திட்டுது. பிறகு அவர்ட டப்பாக்குள்ள இருந்த இன்னொரு சோடியை எடுத்து அதே மாதிரி விட்டார், எண்ணிப் பார்த்தன், நாலு செக்கன், எண்ணெய்க்குள்ள இறங்கிற மாதிரி அவ்வளவு மெதுவா. அந்த வித்தியாசத்தைக் கண்ணால கண்ட பிறகு எமரிப் பேப்பர் போட்டவையில வந்த கோவம் இன்னும் ஆறேல்லை.

ஸ்பின்டிலும், அதாவது அக்ஸிலேட்டர் மிதிக்கேக்க திறக்கிற த்ரொட்டில் தகட்டைத் தாங்கிற கம்பியும், போயிருந்தது. த்ரொட்டில் கம்பியைக் கையில பிடிச்சு மேல கீழ ஆட்டினால் கண்ணாலயே ஆட்டம் தெரியுது. அந்த இடைவெளியால கள்ளக் காத்து உள்ள போகும், ஐட்லிங் ஏறி இறங்கினதுக்குப் பெரிய காரணம் அதுதான், இதை எந்த ஸ்க்ரூவாலயும் சரிப்பண்ண ஏலாது. உடம்பைப் பெருப்பிச்சு புஷ் அடிச்சுப் புதுக் கம்பி போட வேணும், ரெண்டு பக்கத்து ஓட்டையும் ஒரே நேர்கோட்டில ரீமர் பண்ணி அளவாக்க வேணும், இல்லாட்டிக் கம்பி இறுகும். அதை நானா தான் செய்யிறதில்லை, ரெண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற லேத் பாஸிட்டக் குடுக்கிறார்.

கிட் விசயத்தில என்ர அனுபவத்தையும் கேளுங்கோ. நான் முதலே ஒன்லைன்ல ஒரு மலிவான கிட் எடுத்து வச்சிருந்தனான், பெட்டியில பெரிய எழுத்தில எஸ்யூ எண்டு இருந்தது. நானா திறந்து பார்த்திட்டு நீடிலில எழுத்தே இல்லை எண்டு காட்டினார். எழுத்தில்லாத நீடிலை எப்பிடி நம்பிப் போடுறது? நைலோன் குழாய் இப்பவே விறைப்பா இருக்கு, புளோட் வால்வை வாயால ஊதிப் பார்த்தார், மூடியிருக்கேக்கையும் காத்துப் போகுது. அதை அப்பிடியே எறிஞ்சிட்டு இங்கிலாந்தில பேர்லன் எண்டுற கொம்பனியின்ட ஒறிஜினல் கிட் எடுப்பிச்சம். எஸ்யூ பேர் இப்ப அவையிட்டத்தான் இருக்கு, சோல்ஸ்பரியில இருக்கினம், சோலெக்ஸ், செனித் சாமானும் செய்யினம். நீடில், ஜெட், புளோட் வால்வு, காஸ்கட், ஸ்பின்டில் எல்லாம் சேர்த்துத் தபால் காசு வரியோட 40,000க்குக் கிட்ட வந்தது. காசு கூடத்தான். ஆனா நீடிலை உறையில இருந்து எடுத்தால் தண்டில ஏஎன் எண்டு தெளிவா அடிச்சிருக்கு, அதைப் பார்த்த உடன மனசு ஆறிட்டுது.

நான் காத்திருந்த நேரத்தில நானா சொன்ன ஒரு விசயம், எஸ்யூ எண்டது ஸ்கின்னர்ஸ் யூனியன், ஸ்கின்னர் எண்டுற சகோதரர் ரெண்டு பேர் தொடங்கினது, 1910ல கொம்பனியாப் பதிஞ்சவை, சப்பாத்து வியாபாரக் குடும்பம், ஆரம்பத்தில பிஸ்டனுக்குப் பதிலா தோல்ல செய்த துருத்திதான் உள்ள வச்சிருந்தவை. பிறகு 1926ல மொறிஸே அந்தக் கொம்பனியை வாங்கிட்டார், அதாலதான் மொறிஸ் எண்டால் எஸ்யூ எண்டு வந்தது. சப்பாத்துத் தோல்ல தொடங்கின சாமான் எங்கட வீட்டுக் கார்ல இருக்கு எண்டுறது எனக்குச் சந்தோசமா இருந்தது, அப்பாவுக்கும் சொன்னனான்.

வேலைக்கு எவ்வளவு நாள் எண்டு கேளுங்கோ. ஒரு கிழமை எண்டவர், மூண்டரைக் கிழமை எடுத்தது. கிட் வரத்தான் பாதி நாள் போனது, மற்றது லேத். ஃபோன் எடுக்க மாட்டார், நேரில போய்த்தான் கேட்க வேணும், பஞ்சிகாவத்தையில வாகனம் விட இடம் தேடுறது பெரிய கரைச்சல், நான் மூண்டாம் தரம் ஓட்டோவிலதான் போனனான். இது எனக்குப் பிடிக்கேல்லை, அவருக்கும் நேர சொன்னனான், இத்தினை நாள் ஆகும் எண்டு முதலே சொன்னால் ஆக்கள் பேசாமல் காத்திருப்பினம் நானா எண்டு. சிரிக்கேல்லை, “உண்மதான் தம்பி” எண்டார்.

திருப்பிப் பூட்டேக்க என்னை வரச் சொல்லிக் காட்டினார், இதை வேற எந்த பாஸும் செய்ய மாட்டார். த்ரொட்டில் தகட்டைப் பிடிக்கிற ரெண்டு சின்னப் பித்தளை ஸ்க்ரூ இருக்கு, அதுகள்ட நுனி பிளந்திருக்கும், பூட்டின பிறகு நுனியை விரிச்சு விட வேணும், ஏனெண்டால் அது இளகி விழுந்தால் நேர எஞ்ஜினுக்குள்ளதான் போகும். பழைய ஸ்க்ரூவைத் திருப்பிப் போடேல்லை, புதுசு. புளோட் மட்டத்துக்கு மூடியைத் தலைகீழாப் பிடிச்சு எட்டில ஒரு அங்குல ட்ரில் பிட் ஒண்டைப் புளோட்டுக்கும் மூடிக்கும் நடுவில குறுக்கால வச்சுப் பார்த்தார், தொட்டும் தொடாமலும் நிண்டுது.

பிறகு ஜெட்டை நடுவுக்குக் கொண்டு வாறது. ஜெட்டைப் பிடிச்சிருக்கிற பெரிய நட்டை இளக்கி, ஜெட்டை முழுக்க மேல தள்ளி வச்சு, பிஸ்டனை மேல இருந்து ஒரு பென்சிலால அழுத்திக்கொண்டு நட்டை இறுக்கினார். பிஸ்டனை விரலால தூக்கி விட்டார். சத்தமில்லாமல் மெதுவா இறங்கினது. தலையை ஆட்டிட்டுத் திரும்ப இளக்கினார். நாலாம் தரமோ அஞ்சாம் தரமோ, விட்ட உடன “டொக்” எண்டு ஒரு தெளிவான சத்தம், உலோகத்தில உலோகம் போய் இருக்கிற சத்தம். “ஆ, இதான். கேட்டீங்களா? ஜெட்ட எறக்கி வச்சாலும் இதே சத்தம்தான் வரணும்.” ஜெட்டை இறக்கி இன்னொருக்கா விட்டுக் காட்டினார், அதே டொக். எனக்கும் செய்யத் தந்தார், நான் ஒரு பத்துத் தரமாவது தூக்கித் தூக்கி விட்டிருப்பன்.

ஞாயிறு விடிய காரைக் கொண்டு வரச் சொன்னார், அண்டைக்குத்தான் ஒழுங்கைக்குள்ள கார் விட இடம் இருக்கும். பூட்ட முதல் அவர் கேட்டது டப்பெட் (வால்வு இடைவெளி) 12 தௌவுக்கு வச்சதோ, பத்தவைக்கிற பொயின்ட் கேப் 15 தௌ பார்த்ததோ எண்டு, தௌ எண்டது அங்குலத்தில ஆயிரத்தில ஒண்டு. பார்த்திட்டுத்தான் வந்தனான், இல்லாட்டி காபரேட்டரில கையே வச்சிருக்க மாட்டார், பத்தவைக்கிற பக்கம் பிழையா இருக்கேக்க காபரேட்டரைத் திருகினால் ரெண்டும் கெட்டுப்போகும் எண்டுறது அவர்ட கொள்கை. டாஷ்பொட்டுக்குள்ள (மேல மூடியில ஒயில் விடுற இடம்) எஸ்ஏஈ 20 ஒயில், குழாய் வாய்க்கு மேல அரை அங்குலம் வரைக்கும். தண்ணி மாதிரி ஒயில் விட்டால் அக்ஸிலேட்டர் மிதிக்கேக்க விக்கும்.

ஜெட் நட்டை முழுக்க மேல ஏத்தி அதில இருந்து 12 தட்டை (நட்டின்ட ஒரு பக்கம் ஒரு தட்டை) இறக்கினார், ஒரு சுத்துக்கு 6 தட்டை எண்டால் ரெண்டு சுத்து. ஸ்டார்ட் பண்ணி நல்லாச் சூடாகும் வரைக்கும் விட்டிட்டு, பக்கத்தில இருக்கிற சின்னப் பின்னை மேல தள்ளி பிஸ்டனை ஒரு மில்லிமீற்றரும் இல்லாத அளவுக்குத் தூக்கிப் பார்த்தார். எஞ்ஜின் வேகம் கூடிக் கூடினபடியே நிண்டால் பெற்றோல் கூட, அணையப் பார்த்தால் குறைய, ஒருக்கா மெல்லக் கூடித் திரும்பப் பழைய வேகத்துக்கு வந்தால் சரி. முதல்ல கூடினபடி நிண்டுது. ஒரு தட்டை மேல. திரும்பக் கூடினது. இன்னொரு தட்டை. அதுக்குப் பிறகு மெல்ல ஒரு மூச்சு எடுத்த மாதிரிக் கூடித் திரும்ப இறங்கி நிண்டுது, நிண்ட பிறகு ஐட்லிங் சத்தம் அப்பிடியே ஒரே சீரா, நான் சின்ன வயசில பின் சீற்றில படுத்துக் கிடக்கேக்க கேட்ட அதே சத்தம்.

ஒரு முக்கியமான விசயம், இதை நானா சொல்லாட்டி நான் கவனிச்சிருக்க மாட்டன். இந்த எஞ்ஜினில காபரேட்டருக்கு நேர கீழ புகைக் குழாய் மனிஃபோல்ட் இருக்கு. புளோட் வால்வு ஒழுகினால் பெற்றோல் கொட்டுறது அந்தச் சூட்டுக்கு மேலதான். கிண்ண மூடியில இருந்து மேலதிகப் பெற்றோலை வெளிய கொண்டு போற குழாய் ஒண்டு இருக்க வேணும், எங்கடதில அது இல்லவே இல்லை, ஆரோ கழட்டி எறிஞ்சு போட்டினம். புதுக் குழாய் பூட்டிக் கீழ சேசிஸ் பக்கமா இறக்கி விட்டார், அதுக்குக் காசும் எடுக்கேல்லை. பழைய மைனர், மினி வச்சிருக்கிற ஆக்கள் பொனட்டைத் திறந்து இந்தக் குழாய் இருக்கோ எண்டு பாருங்கோ, பெற்றோல் மணம் வருதெண்டால் ஓடாதேங்கோ.

அண்டைக்கே புதுக்கடை ஏத்தத்தில ஏத்திப் பார்த்தன், ரெண்டாம் கியர்ல இழுபடாமல் ஏறினது, பிறகு மரைன் ட்ரைவால வெள்ளவத்தைக்கு வந்தன், ஒரு சிக்னல்லயும் அணையேல்லை. இப்ப ரெண்டு மாசம் ஆச்சு. கொழும்பு ட்ரஃபிக்ல லீற்றருக்கு 11, 11.5 வருது, பிளக்கைக் கழட்டிப் பார்த்தால் பிஸ்கட் நிறம். விடிய சோக் இழுத்து ஒரே திருகல்ல பத்துது.

செலவு: நானாட கூலி 18,000, டப்பாக்குள்ள இருந்து எடுத்த பிஸ்டன் மூடிச் சோடிக்கு 12,000, லேத்துக்கு 9,500, கிட் நான் முதல் சொன்ன 40,000க்குக் கிட்ட. மொத்தம் 80,000 வரும். இந்தக் காசுக்கு வேற ஒரு ஜப்பான் காபரேட்டரை மனிஃபோல்டோட மாத்திப் பூட்டித் தாறன் எண்டு சொன்னவையும் இருக்கினம், கேட்கிறதுக்குச் சுகமான வழி, ஆனா அதுக்குப் பிறகு அது அப்பாட கார் இல்லை. எனக்குச் செலவழிச்ச ஒரு சதத்திலயும் கவலை இல்லை. ரசீது மட்டும் தாறேல்லை, ஒரு கொப்பித் தாளில எழுதித் தந்தார், அதையும் கேட்டு வாங்கினதுதான்.

வேலைக்குப் பத்துக்குப் பத்து. நேரத்துக்குப் பத்துக்கு அஞ்சு. எஸ்யூ மட்டுமில்லை, நான் போன நாட்களில மேசையில வொக்ஸ்வேகன் பீட்டில்ட சோலெக்ஸ் 30 பிக்ட் ஒண்டும் டட்சன் ஹிட்டாச்சி ஒண்டும் கிடந்தது, ஆனா அதுகள் பற்றி நான் சொல்ல மாட்டன், என்ர கண்ணால பார்த்தது எஸ்யூ வேலை மட்டும்தான்.

போறவை வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதேங்கோ, ஜும்ஆவுக்குப் பூட்டிடுவார். காபரேட்டரைக் கழுவாமல், கழட்டின ஸ்க்ரூ, ஸ்ப்ரிங், லிங்க் கம்பி எல்லாத்தையும் ஒரே டப்பாக்குள்ள போட்டுக் கொண்டு போங்கோ, பிஸ்டனை மூடியை விட்டுப் பிரிக்காதேங்கோ. எஞ்ஜின் நம்பரையும் எழுதிக்கொண்டு போங்கோ, கார்ட வருசத்தை மட்டும் நம்பி அவர் நீடில் சொல்ல மாட்டார், எஞ்ஜினும் மாறியிருக்கலாம்.

எங்கட புளோட் மூடி ஸ்க்ரூவுக்கு அடியில இப்ப ஒரு தகடு இருக்கு. கொம்பனித் தகடு இல்லை, நானா அலுமினியத் துண்டொண்டை வெட்டி, ஓட்டை போட்டு, எழுத்து அச்சு வச்சு ஒவ்வொண்டாச் சுத்தியலால அடிச்சது: எச்எஸ் 2, ஏஎன், 1098. அடுத்ததா திறக்கிறவருக்காம்.